அறுபது கோதும் ஆறு கிழமையும்

அந்தச் சனிக்கிழமை சடகோபனுக்கு மிச்சமிருந்தது நாப்பத்திமூண்டு நாள், ஆறு கிழமையும் ஒரு நாளும். அதில ஆறு கிழமையை விக்னராஜா கோவத்தில கழிச்சார். கதை இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அது எப்பிடி நடந்தது எண்டதுதான்.

விக்னராஜா நோபல் பார்க் எண்ட புறநகரில இருக்கிறவர். வயசு அறுபத்திரண்டு. டண்டினோங் பக்கம், குசினிக்கும் குளியலறைக்கும் பித்தளைப் பைப் செய்யிற தொழிற்சாலை ஒண்டில இருபத்திநாலு வருசம் மெசின் செற் பண்ணினவர். தொழிற்சங்கத்துக்குச் சந்தா தவறாமல் கட்டினவர், கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர். அப்பிடியான ஆக்கள்தான் எங்கயும் கனபேர். அவையை வைச்சுத்தான் தொழிற்சாலையும் ஓடினது, சங்கமும் ஓடினது. கடைசியில தொழிற்சாலை வேற நாட்டுக்குப் போச்சு. இவை வீட்டை போனவை. விக்னராஜா கையில பித்தளையைப் பற்றின அறிவு மட்டும் மிஞ்சினது. அதை ஆரும் வேலைக்கு எடுக்கிறதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சனிக்கிழமையில ரேஞ்சுக்குப் போய்ப் பழைய ராணுவத் துவக்காலை கடதாசி இலக்குக்குச் சுடுறது. ரெண்டாம் உலகப் போருக்கு, சிட்னிக்கு அங்கால இருக்கிற லித்கோவில செய்த த்ரீ நொட் த்ரீ. சட்டப்படி லைசென்ஸ், கராஜ் சுவரில பூட்டின இரும்பு அலுமாரி, எல்லாம் சரி. ஆனா எங்கட சனம் விடுமே?

"சண்டையிலயிருந்து தப்பி வந்த மனுசன், இஞ்ச வந்து துவக்குத் தூக்குதோ?" எண்டு கோயிலில ஒருத்தர் கேட்டார்.

"அங்க துவக்கு என்னைப் பாத்தது. இஞ்ச அது கடதாசியைப் பாக்குது," எண்டார் விக்னராஜா. அதுக்கு மேல விளக்கம் குடுக்கேல்ல.

மனுசி இராஜேஸ்வரி ஒரே ஒரு சட்டம் போட்டவ. அந்தச் சாமான் கராஜ் வாசல்படியைத் தாண்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லாக்கூட வரக்கூடாது. அவவின்ர தம்பி சண்டை நேரம் காணாமல் போனவன். விக்னராஜா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறினதில்லை.

ரேஞ்சில தமிழர் ரெண்டே ரெண்டு பேர். மற்றவர்தான் சடகோபன். பக்கத்துப் புறநகர் ரோவிலில இருந்தவர், பாளையங்கோட்டை ஆள். கம்ப்யூட்டர் கம்பனியில சொஃப்ட்வேர் சரியா ஓடுதோ எண்டு பரிசோதிக்கிற வேலை. அவரிட்டையும் ஒரு த்ரீ நொட் த்ரீ. முதல்நாள் விக்னராஜா வெள்ளைக்காரரோட நிக்கிற ஆளைப் பாத்து, "நீர் தமிழோ?" எண்டு கேட்டார்.

சடகோபன் கைகூப்பினார். "ஆமா மன்னா. என்னை 'நீர்'னு கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான். இதுக்கு முன்னாடி ராஜா வேஷ நாடகத்துலதான் கேட்டிருக்கேன்."

அண்டைக்குத் துடங்கினது. பதினொரு வருசம். இவர் அவரை 'ஐசே' எண்டார், அவர் இவரை 'அண்ணாச்சி' எண்டார். சனிக்கிழமை காலமை ஏழரைக்கு வெளிக்கிட்டா, பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் வீடு.

இந்த இடத்தில கோதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேணும். அதுதான் சண்டைக்குக் காரணம்.

துவக்கு ரவை, அதுதான் தோட்டா, சுட்டாப்பிறகு மிஞ்சிற பித்தளைக் கோதை எறியிறதில்லை. அதைத் துடைச்சு, திரும்ப வெடிமருந்து போட்டு, திரும்பச் சுடலாம். ஆனா இந்தப் பழைய ராணுவத் துவக்குகளில ரவையை வைக்கிற வாயறை தொளதொளத்தது. சேத்துக்குள்ளயும் மண்ணுக்குள்ளயும் கிடந்தும் ரவை உள்ள போகவேணுமெண்டு அப்பிடிச் செய்தவங்கள். சுடேக்க கோது அந்த அறையின்ர உருவத்துக்கு ஊதும். கழுத்துக்குக் கீழ இருக்கிற தோள் முன்னுக்குப் போகும், அடிப்பக்கம் பின்னுக்கு இழுபடும். ஒவ்வொரு தரமும் அதை நசுக்கிக் கம்பனி உருவத்துக்குக் கொண்டு வந்து திரும்பச் சுட்டால், அடியில இருந்து ஒரு விரல் தள்ளி உள்ளுக்குள்ள சுவர் மெலியும். நாலாந்தரமோ ஐஞ்சாந்தரமோ ரெண்டாப் பிரியும். நெருப்புக் காத்து முகத்துக்கு வரும்.

விக்னராஜாவின்ர கோது பதினெட்டுத் தரம் தாங்கினது. காரணம் லேசு. சுட்ட கோதை முழுசா நசுக்கமாட்டார். குண்டைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் இறுக்குவார். உடம்பு அந்தத் துவக்கின்ர உருவத்திலயே இருக்கட்டும் எண்டு விட்டிடுவார். நாலு சூட்டுக்கு ஒருக்காக் கழுத்தை நெருப்பில காட்டி இளக வைப்பார். மருந்து எப்பவும் கொஞ்சம் குறைச்சல். ஒவ்வொரு கோதுக்குள்ளயும் நுனி வளைச்ச கம்பி ஒண்டை விட்டு, உட்சுவரில பள்ளம் தட்டுப்படுதோ எண்டு தடவிப் பாப்பார். தொழிற்சாலையில ஆக்களைப் பிழிஞ்சவங்கள் இருபத்திநாலு வருசத்தில ஒருக்காவும் இப்பிடிக் கம்பி விட்டுப் பாக்கேல்ல.

இதில ஒரு வினை இருக்கு. அப்பிடி வளர்த்த கோது அந்த ஒரு துவக்குக்குத்தான் போகும். விக்னராஜாவின்ர அறுபது கோதும் சடகோபன்ர துவக்குக்குள்ள போகாது. சடகோபன்ர அறுபதும் விக்னராஜாவின்ர துவக்குக்குள்ள போகாது. ரெண்டு பேரின்ர கோதையும் விக்னராஜாதான் கராஜில வைச்சுப் பாத்து வந்தவர்.

இந்த வருசம் மாசி மாசம் சடகோபன் தன்ர அறுபதையும் கேட்டு வாங்கினார்.

"இனிமே என்னுதை நானே பாத்துக்கறேன் அண்ணாச்சி. லீவு நிறைய இருக்கு."

"நீரோ? ஒரு ஆணி அடிக்கத் தெரியாது உமக்கு."

"யூடியூப் இருக்குல்ல."

கோது நசுக்கிற பழைய பிரஸ் ஒண்டை விக்னராஜாவே இரவல் குடுத்தார். பிரஸ்ஸோட அச்சு ரெண்டு. ஒண்டு கழுத்தை மட்டும் இறுக்கிறது, மற்றது முழுசா நசுக்கிறது. "இதைப் பாவியும், அதைத் தொடாதையும்," எண்டு சொல்லித்தான் குடுத்தது.

மே மாசத்துச் சனிக்கிழமை. சடகோபன் ஐஸ்கிறீம் டப்பா ஒண்டைக் கொண்டு வந்து மேசையில வைச்சார். அதுக்குள்ள அம்பத்தொன்பது கோது, பளபளவெண்டு மினுக்கி. அறுபதாவதில மருந்து போட்டு ரவையாக்கிக் கையில வைச்சிருந்தார்.

"பாருங்க அண்ணாச்சி, ஒரு டெமோ," எண்டு சொல்லிப் போட்டுத் தன்ர துவக்கால சுட்டார்.

சத்தம் பிழையா வந்தது. சடகோபன் தலையைப் பின்னுக்கு எடுத்தார். கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பினது, கன்னத்தில கரிப்பொட்டு. போல்ட்டை இழுக்க, கோதின்ர அடித்துண்டு மட்டும் வந்தது. முன்துண்டு உள்ளுக்குள்ள இறுகிப் போச்சு. ரேஞ்ச் பொறுப்பாளர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். இருவது பேர் சுடுறதை நிப்பாட்டிப் போட்டுத் திரும்பிப் பாத்தினம்.

விக்னராஜா டப்பாக்குள்ள கையை விட்டு ஒரு கோதை எடுத்தார். ஒரு பார்வை போதும். தோள் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. முழுசா நசுக்கின கோது.

"எத்தினை தரம் நசுக்கினனீர்?"

"நாலு தடவை."

"ஏன்?"

சடகோபன் வாயைத் திறந்தார். பொறுப்பாளர் பக்கத்தில நிண்டார். அவரைக் கண்டு சடகோபன் வாயைத் திரும்ப மூடினார்.

அப்ப விக்னராஜா இங்கிலீசுக்கு மாறினார். எங்கட ஆக்கள் சண்டை பிடிக்கேக்க தமிழில எவ்வளவும் பேசலாம், அது காத்தோட போகும். சிநேகிதனை இங்கிலீசில ஏசினா அது ஊருக்குச் சொல்லுறது. உனக்குத் துவக்குத் தொடுற தகுதி இல்லை, நீ உன்னையும் பக்கத்தில நிக்கிறவனையும் கொல்லுவாய், இனி என்ர பிரஸ்ஸில கை வைக்காதை எண்டு, இருவது பேருக்கும் விளங்கக்கூடியதாச் சொன்னார்.

சடகோபன் கன்னத்துக் கரியைத் துடைச்சார். துவக்கைப் பைக்குள்ள வைச்சார். பையின்ர சிப் பூட்ட ரெண்டு மூண்டு தரம் தவறினது. போகேக்க டப்பாவைத் தூக்கி விக்னராஜாவின்ர கார் டிக்கிக்குள்ள வைச்சிட்டுப் போனார். விக்னராஜா அதைக் கொண்டு வந்து கராஜ் மேசைக்குக் கீழ தள்ளினார்.

முதல் கிழமை, சடகோபனே ஃபோன் எடுக்கட்டும் எண்டு இருந்தார். ரெண்டாம் கிழமையும் அதுதான். மூண்டாம் கிழமையும் சடகோபன் ரேஞ்சுக்கு வரேல்ல. வெக்கத்தில வரேல்லயாக்கும் எண்டு நினைச்சார். நாலாம் கிழமை இராஜேஸ்வரி கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்தப் பாளையங்கோட்டை மனுசன் எங்க? உங்கட முகம் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரிக் கிடக்கு."

"அந்தாள் செய்த வேலைக்கு அவர்தான் கதைக்கவேணும்."

"ரெண்டு பேரும் கதைக்காட்டி ஆர் கதைக்கிறது? நானோ போய்த் தூது சொல்லுறது?"

அவர் கராஜுக்குப் போனார். தான் செய்தது சரி எண்டு அவருக்குத் தெரியும். அதுதான் கரைச்சல். பிழை செய்தவன் இறங்கி வருவான். சரியாச் செய்தவனுக்கு இறங்கப் படி இல்லை.

ஆறாம் கிழமை, வெள்ளிக்கிழமை காலமை, சடகோபன்ர மனுசி கலா இராஜேஸ்வரிக்கு ஃபோன் எடுத்தா. ரெண்டு பேரும் கரம் டவுன்ஸ் கோயிலில கண்டு சிரிக்கிற அளவுக்குத்தான் பழக்கம். இராஜேஸ்வரி ஃபோனை வைச்சிட்டு நேர கராஜுக்குள்ள வந்தா. அவ அதுக்குள்ள கால் வைச்சுப் பத்து வருசத்துக்கு மேல.

"சடகோபனுக்குக் கணையத்தில கான்சராம். மாசியிலயே தெரியுமாம். ஆருக்கும் சொல்லேல்லயாம். இப்ப ஆஸ்பத்திரியில, பாலியேற்றிவ் வார்ட்டில. ஒரு கிழமையோ என்னவோ எண்டு சொன்னவையாம்."

விக்னராஜா குனிஞ்சு மேசைக்குக் கீழ இருந்த டப்பாவை இழுத்தார். கம்பியை எடுத்தார். மர வாங்கில குந்திக்கொண்டு ஒவ்வொரு கோதாத் தடவத் துடங்கினார்.

"என்ன செய்யிறியள்?"

"வெறுங்கையோட போகேலாது."

"மனுசன் சாகக் கிடக்குது, நீங்கள் இரும்பைத் தடவிக்கொண்டு இருக்கிறியள்."

"இரும்பில்லை. பித்தளை."

இராஜேஸ்வரி நிண்டு பாத்தா.  கம்பி நுனி பள்ளத்தில தடக்குப்படுதோ, கைதான் தடக்குப்படுதோ எண்டு தெரியாமல் ஒவ்வொண்டையும் மூண்டு தரம் பாத்தார். அந்த நாள் அப்பிடியே போச்சு. ஒரு முழுநாள். அதையும் அவர்தான் விட்டவர், வேற ஆரும் பறிக்கேல்ல.

சனிக்கிழமை பின்னேரம் போனார். கட்டிலில கிடந்தது சடகோபன்ர பாதி. தோல் மஞ்சள், கழுத்தெலும்பு ரெண்டும் வெளியில. கலா கதிரையில இருந்து எழும்பினா, விக்னராஜாவின்ர முகத்தைப் பாக்கேல்ல, காப்பி எடுக்கப் போறன் எண்டு வெளிய போனா.

சடகோபன் கண் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு இங்கிலீஷா, தமிழா?"

"தமிழ்தான்."

"அப்ப உக்காருங்க."

இருந்தார். 

"ஏன் ஐசே சொல்லேல்ல?"

"சொன்னா பாவம்னு பாப்பீங்க. வீட்ல பாக்கறாங்க, ஆபீஸ்ல பாக்கறாங்க. சனிக்கிழமை ஒருநாள் யாரும் அப்படிப் பாக்காம இருக்கட்டுமேனு நெனச்சேன்." மூச்செடுத்தார். "நீங்க அப்படிப் பாக்கவே இல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு."

விக்னராஜா கீழ பாத்தார். பேந்து, கேக்கக்கூடாத ஆளிட்டைக் கேக்கக்கூடாத நேரத்தில, அவருக்குத் தெரிஞ்ச ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் கோதை ஏன் முழுசா நசுக்கினனீர்?"

"உங்க துப்பாக்கியில போகணும்ல. நான் போயிட்டா கலா என் துப்பாக்கியை வீட்ல வச்சிக்க மாட்டா, டீலர்கிட்ட குடுத்துருவா. அப்புறம் அந்த அறுபதும் குப்பை. பதினெட்டு தடவை தாங்க வச்சிருக்கீங்க. அதான் பழைய சைஸுக்குக் கொண்டு வந்தா உங்களுக்கு ஆகும்னு."

"அதுக்கு ஒருக்கா நசுக்கினாக் காணும். நாலு தரம் ஏன்?"

"டெஸ்ட் பண்ண வேண்டாமா? முப்பது வருஷமா அதான் வேலை. டெஸ்ட் பண்ணாம எதையும் கையில குடுத்தது இல்ல. புதன்கிழமை புதன்கிழமை தனியா போய் அறுபதையும் சுட்டுப் பாத்தேன்."

"உம்மட துவக்கில சுட்டா அது திரும்பவும் உம்மட துவக்கின்ர உருவத்துக்குத்தானே ஊதும்."

"ஊதுச்சு. அதான் திரும்ப நசுக்கினேன்."

"பேந்து திரும்பச் சுட்டனீர்."

"செக் பண்ணணும்ல."

விக்னராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதி வழியில வேற என்னவாகவோ மாறினது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். பதினெட்டுத் தரம் பாதுகாத்த சாமானை, தனக்குத் தரவெண்டு, கான்சரோட மூண்டு தரம் ரேஞ்சுக்குப் போய்ப் பரிசோதிச்சிருக்கு இந்த மனுசன். பரிசோதனைதான் அதைச் சாகடிச்சது.

"கம்பி விட்டுப் பாத்தீங்களா?" சடகோபன் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு."

"அண்ணாச்சி. பொய் வராது உங்களுக்கு. எத்தனை போச்சு?"

"வெடிச்சதோட சேர்த்து முப்பத்தெட்டு."

"மீதி?"

"இருவத்திரண்டு."

சடகோபன் கண்ணை மூடி மனசுக்குள்ள கணக்குப் போட்டார். "முப்பத்தாறு பெர்சென்ட். எங்க ஊர்ல முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்."

நர்ஸ் வந்தா. ஊசி போடவேணும் எண்டா. விக்னராஜா எழும்பி நிண்டார். சொல்லவேண்டியது ஒண்டு மிச்சம் இருந்தது. வெறும் ஒரு சொல்லு. நர்ஸ் நிக்கேக்க அது வரேல்ல.

"அந்த இருபத்திரண்டை என்ன பண்ணுவீங்க?" எண்டு கேட்டார் சடகோபன்.

"நாளைக்கு வந்து சொல்லுறன். போட்டு வாறன் ஐசே."

"வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலமை ஒம்பது மணிக்கு அவர் போகேக்க சடகோபன் மயக்கத்தில. மூச்சு விட்டு விட்டு வந்தது. கலா கட்டில் பக்கத்தில இருந்தா. கையை விடாமல் பிடிச்சபடி, நிமிராமல் சொன்னா.

"விடியக்காலையில இருந்து இப்படித்தான். பேசுங்க. காது கேக்கும்னு நர்ஸ் சொன்னாங்க."

விக்னராஜா மற்றப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டார். வீட்டில இருந்து வரேக்க காருக்குள்ள அந்தச் சொல்லை ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தவர். காருக்குள்ள வந்தது. இஞ்ச கலா இருக்கிறா, மெசின் கீச்சிடுது, வாய் திறந்தா வந்தது வேற.

"அந்த இருவத்திரண்டு," எண்டு துடங்கினார். "முதல் கழுத்தை நெருப்பில காட்டுவன். கனநேரம் இல்லை. நிறம் மாறத் துடங்கேக்கயே எடுத்துத் தண்ணிக்குள்ள. நீர் நசுக்கினதில அது விறைச்சுப் போச்சு. விறைச்சா வெடிக்கும். அதை முதல் இளக வைக்கவேணும். பேந்து அடி விளிம்புக்கு முன்னால மெல்லிய றப்பர் வளையம் ஒண்டு போடுவன். பைப்புக்குள்ள போடுறமே, அது. அந்த வளையம் கோதைப் பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டிருக்கும். அப்ப சுடேக்க அடி இழுபடாது. தோள்தான் மெல்ல முன்னுக்குப் போகும். மருந்து மிச்சம் குறைய. அவசரப்படுத்தினா அதின்ர உள்காயம் பெருக்கும். ஒருக்கா அப்பிடிச் சுட்டா அதுக்கு என்ர துவக்கு பழகிடும். அதுக்குப் பிறகு கழுத்தை மட்டும்தான் தொடுவன். உடம்பில கை வைக்கமாட்டன். இனி ஒருத்தரும் அதை நசுக்கமாட்டினம் ஐசே. நான் விடமாட்டன். பத்துத் தரமாவது தாங்கும். இன்னும் பத்துத் தரம்."

நிப்பாட்டினார். திரும்பவும் முதலில இருந்து துடங்கினார். கழுத்து, நெருப்பு, தண்ணி, வளையம். ஒரு படியும் விடாமல். ஒரு மணித்தியாலம் சொன்னார். கலா ஒருக்கா நிமிர்ந்து பாத்தா, இந்த மனுசனுக்கு மூளை பிசகிப் போச்சோ எண்டு.

பின்னேரம் ரெண்டரைக்குச் சடகோபன்ர சீவன் போச்சு.

நர்ஸ்மார் வந்து செய்யவேண்டியதைச் செய்தினம். கலாவும் விக்னராஜாவும் வெளியில நடைபாதையில நிண்டினம். மகள் ஸ்ருதி சிட்னியில இருந்து வந்து கொண்டிருந்தா, பிளேன் இன்னும் இறங்கேல்ல. கலா அழேல்ல. அழுகிறதுக்கு மகள் வரவேணும் எண்டு வைச்சிருந்த மாதிரி நிண்டா.

"அவ்வளவு நேரம் அவர்கிட்ட என்ன சொல்லிட்டு இருந்தீங்க?" எண்டு கேட்டா.

"மன்னிப்புக் கேட்டனான்."

கலா யோசிச்சுப் பாத்தா. "அந்த வார்த்தை வரவே இல்லையே."

"ஓம். வரேல்ல."

"அவருக்குப் புரிஞ்சிருக்குமா?"

ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். அவவுக்கும் ஆறுதல், அவருக்கும் ஆறுதல். விக்னராஜாவுக்கு அந்த ஓமும் வரேல்ல.

"தெரியாது தங்கச்சி."

கலா தலையாட்டினா. பேந்து, கோவமில்லாமல், ஒரு தகவல் சொல்லுற மாதிரிச் சொன்னா.

"நேத்து ராத்திரி வரைக்கும் எல்லாம் புரிஞ்சுது அவருக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழரை மணிக்கு ஃபோனை எடுத்து நெஞ்சு மேல வச்சிக்குவார். நான் கூப்பிடவானு கேட்டா, வேண்டாம், அவரே கூப்பிடுவார்னு சொல்வார்."

உள்ள இருந்து நர்ஸ் கலாவைக் கூப்பிட்டா. ஏதோ கடதாசியில கையெழுத்து வைக்கவேணுமாம். கலா உள்ள போனா. விக்னராஜா நடையில நிண்ட இடத்திலயே நிண்டார். அவரைப் போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.